கூடுதல் தாள்

ஜனவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கே நான், அவர், மகள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறீர்கள். காதுக்கு வாங்கிய மெஷின் மேஜை டிராயரில் பத்திரமாகத் தூங்குகிறது என்று கேள்விப்பட்டேன். ஆகவே நமக்குக் கடிதம்தான் சரி.

உங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் என்று ஒருவர் கூப்பிட்டார். பல் டாக்டராம். உங்களுக்கு எழுபத்தைந்து வயதாவதற்கு ஜூன் மாதம் பாராட்டு விழா எடுக்கிறார்களாம், கூடவே ஒரு மலரும் போடுகிறார்களாம். அதில் நான் எழுத வேண்டுமாம். "மேடம், நீங்க எழுதலைன்னா மலரே இல்லை. சொந்த அக்கா மகளையே கணக்குப் பரீட்சையில மூணு மார்க்குல ஃபெயிலாக்கினாரே, அந்தக் கதையை நீங்களே சொல்லணும்" என்கிறார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஃபெயிலானதற்காகத் தேடிப் பிடித்து மரியாதை செய்யப்படுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என்ன எழுதட்டும், சொல்லுங்கள். பையன்கள் உங்களுக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர் வைத்ததை எழுதினால் கோபப்படுவீர்களா?

இன்னொரு செய்தி. எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் அம்மா ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பேரை எழுதிக் கொடுக்கப் போகிறாராம். இருபத்திரண்டு வருஷம் மெஷினோடு மாரடித்தவளுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் முழுக்க முழுக்கக் கணக்கு வேலை. எத்தனை கிலோ துணிக்கு எவ்வளவு சலவை மருந்து, எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று தினமும் எழுதி வைக்க வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் தலை எப்படிப்பட்ட தலை என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அம்மா இருந்திருந்தால் உங்கள் விழாவுக்கு முதல் வரிசையில் இடம் பிடித்திருப்பாள். அவள் போய் இரண்டு வருஷமாகிவிட்டதை நம்பவே முடியவில்லை.

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

உங்கள் பாப்பா


ஜனவரி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீங்கள் மூவரும் சுகம் என்பதில் சந்தோஷம். முழங்கால் இருக்கிறது, ஒவ்வொரு படியிலும் அது இருப்பது தெரிகிறது. காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெரிதாக்குகிறது. பக்கத்து வீட்டு மிக்ஸியைக் கேட்க வேண்டுமென்று எனக்கென்ன தலையெழுத்து?

அந்தப் பல் டாக்டர் இங்கேயும் வந்தான், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. தலை நரைத்த ஆட்கள், என் முன்னால் உட்காரத் தயங்கி நின்றார்கள். விழாவெல்லாம் வேண்டாம் என்றேன். "சார் எப்பவும் இப்படித்தான்" என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் 'வேண்டாம்' என்று சொன்னால் அதற்கு 'வேண்டும்' என்று அர்த்தம் என்பது எப்போது பழக்கமானதோ தெரியவில்லை.

பாப்பா, அந்த மார்க்குக் கதையை எழுதாதே. உனக்குச் சைக்கிள் பழக்கக் கூட்டிப் போய் நானே விழுந்து கையை ஒடித்துக்கொண்டேனே, அதை எழுது. ஜனங்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

முப்பத்தாறு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றிருக்கிறேன். தெருவில் எதிர்ப்படும் பழைய மாணவர்கள் நான் கொடுத்த அடியை நினைவு வைத்திருக்கிறார்கள். ஒரு தேற்றம்கூட ஒருவனுக்கும் நினைவில்லை. நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்று சில நாள் காலையில் உட்கார்ந்து யோசிப்பேன். பிறகு பேப்பர் வந்துவிடும்.

அந்த சூப்பர்வைசர் வேலையை விடாதே. உன்னால் முடியும்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் அன்பு.

மாமா


பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

தன்னடக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு மாமா! அந்தக் கதையை விட்டுவிட்டு உங்களைப் பற்றி எழுதினால் அது உங்களைப் பற்றியே இருக்காது. உங்களிடம் இதுவரை சொல்லாததையும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். இப்போது சொன்னால் என்ன?

பள்ளிக்கூடத்திலேயே திருத்திப் போட்ட அந்த இறுதிப் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. நர்ஸிங் பயிற்சிக்கு வாங்கி வைத்திருந்த படிவத்தைக் கிழித்துப் போட்டார். மூன்று மாதத்தில் திரும்ப எழுதலாம் என்று அம்மா கெஞ்சினாள். "சொந்த மாமனாலேயே இவளைப் பாஸாக்க முடியலைன்னா, இவ தலையில அவ்வளவும் களிமண்ணுதான். வேற எவன் பாஸாக்குவான்?" என்று கத்தினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உங்களைத் திட்டவும் செய்தார், அது வேறு. அப்போதுதான் அம்மா எழுந்து நின்றாள். "என் தம்பி கை தப்புப் பண்ணாது. இவளுக்கு வரலை, அவன் போடலை, அவ்வளவுதான்" என்றாள். அப்பாவை எதிர்த்து அவள் பேசியதை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. நமக்கு வராது என்று தெரிந்துவிட்டால் அதற்காக ஓடி அலைய வேண்டாமல்லவா? மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கணக்கு நோட்டோடு வந்தால் "அப்பாகிட்டப் போ" என்று அனுப்பிவிடுவேன். வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் அவர்தான் நிரப்புவார்.

அதனால் அந்த வேலை எனக்குச் சரிப்பட்டு வராது. நீங்களே திருத்திப் போட்ட மார்க்குக்கு மேலே அப்பீல் உண்டா?

பதில் போடுங்கள்.

பாப்பா


மார்ச் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது. தாமதத்துக்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம், ஆனால் எழுதுவது கையால்தான். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

டிராயிங் மாஸ்டரை உனக்கு நினைவிருக்கும். உன் நோட்டு அட்டையில் யானை போட்டுக் கொடுத்தவர். ஆசிரியர் அறையில் அவருக்கும் எனக்கும் பன்னிரண்டு வருஷம் ஒரே மேஜை. ஒரு டீயை வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்போம். பிறகு பேச்சு நின்றுபோனது. ஏன் என்று உன் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனாள்.

அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மருமகள்தான் கதவைத் திறந்தது. அறையில் மருந்து வாசனை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் "இல்லை" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

விழாவில் பழையபடி நான் பிரார்த்தனை சொல்லித் தொடங்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் சொன்னேனே, அதே பிரார்த்தனை. கடவுளோடு எனக்கு அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து மனசு கேட்கவில்லை. உடம்புக்கு ஏதாவதா? என்னிடம் மறைக்காதீர்கள். டிராயிங் மாஸ்டர் அப்படி என்ன கேட்டார்? உங்களுக்குள் என்ன சண்டை? சாகக் கிடக்கும்போது முகத்தைத் திருப்புகிற அளவுக்கு ஒரு மனுஷனுக்கு என்ன கோபம்?

கட்டுரையை அனுப்பிவிட்டேன். திட்டினாலும் பரவாயில்லை. அவர்தான் எழுத்துப் பிழை பார்த்தார். கடைசிப் பத்தி மட்டும் உங்களுக்கு:

"என் மாமா எனக்குப் போட்ட முப்பத்திரண்டு மார்க்கைப் போல நேர்மையான எதையும் வேறு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நான் எவ்வளவு என்று எனக்கு அளந்து சொன்னவர் அவர். அதற்கு மேல் ஆசைப்படாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அவர் கையால் ஃபெயிலானதில் எனக்கு இன்றும் பெருமைதான்."

நன்றாக இருக்கிறதா? டைப் அடித்துக் கொடுத்த மகள் மூக்கை உறிஞ்சினாள்.

சூப்பர்வைசர் அம்மா விடுவதாக இல்லை. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். "நீ துணியைத் தூக்கிப் பார்த்தே கிலோ சொல்றே, மருந்தும் சரியாத்தான் ஊத்தறே. அப்புறம் என்னடி கணக்குத் தெரியாது, கணக்குத் தெரியாதுங்கறே?" என்று திட்டுகிறார். அது கைப்பழக்கம், கணக்கா? நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நீங்கள் 'சரி' என்றால் யோசிக்கிறேன்.

உடம்பு எப்படி என்று உண்மையாக எழுதுங்கள்.

பாப்பா


மார்ச் 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

உடம்பு உண்மையாகவே நன்றாக இருக்கிறது. டிராயிங் மாஸ்டர் போன புதன்கிழமை போய்ச் சேர்ந்தார். இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன், பின்னால் நின்றேன்.

நீ செய்வது கணக்குத்தான். எட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்றால் பன்னிரண்டு கிலோவுக்கு எவ்வளவு என்று உன் கை கண்டுபிடிக்கிறதே, அதற்குப் பெயர் விகிதம். ஒரு தாளில் எழுதிப் பார். தைரியமாகக் கையெழுத்துப் போடு. நான் சொல்கிறேன், உன்னால் முடியும்.

கட்டுரையைப் படித்தேன். மற்றதை நேரில் பேசலாம்.

மாமா


ஏப்ரல் 5

அன்புள்ள மாமாவுக்கு,

டிராயிங் மாஸ்டர் செய்தி வருத்தமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசிச் சரி செய்துகொள்ளாமலே போய்விட்டாரே.

நான் கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பத்துத் தடவை படித்தேன். பாசத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் மாமா, பாசம் பார்க்காமல் நீங்கள் சொன்ன தீர்ப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, நான் அதைத்தானே நம்ப வேண்டும்? கடைசி நாள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பரீட்சை ஹால் மாதிரியே இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆறு வருஷம் மட்டுமே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல பெண். மணிக்கொரு தடவை ஓடி வந்து "அக்கா, இதுக்கு எவ்வளவு போடணும்?" என்று என்னைத்தான் கேட்கிறாள். நானும் சொல்கிறேன். போகட்டும்.

எல்லாரும் சுகம். நேரில் பேசலாம் என்றீர்களே, எப்போது வருகிறீர்கள்?

பாப்பா


ஏப்ரல் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நேரில் வரமாட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் பூசி மெழுகிவிடுவேன். உறைக்குள் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பார்.

எல்லா வாத்தியார்களும் ஒருவர் தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்தி முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. முதல் கேள்வியை நாற்பத்தாறு பேருக்கும் திருத்திய பிறகுதான் இரண்டாவது கேள்வி. அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே அளவு கண்டிப்பு, ஒரே அளவு கருணை. அதற்காகக் கட்டியிருக்கும் நூலை அவிழ்த்து, கூடுதல் தாள்களைத் தனியே பிரித்து அடுக்குவேன். யாருடையது என்று தெரியாதபடி எண் எழுதிய மூலையை மடித்துக் குண்டூசி குத்துவேன். எல்லாம் முடிந்ததும் எண்ணைப் பார்த்துத் திரும்பக் கோத்துக் கட்டுவேன். பதினாறு வருஷம் அப்படிச் செய்து ஒரு தாள்கூடத் தவறியதில்லை. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

உன் வருஷம் ஒரு தாள் தவறியது. உன்னுடையது. முகப்பில் 'கூடுதல் தாள் 2' என்று நீ ஒழுங்காக எழுதியிருந்தாய். நான் கோத்தது ஒன்று. முப்பத்திரண்டு என்று கூட்டிய பிறகு எண்ணைப் பார்த்தேன், நீ என்று தெரிந்தது. ஃபெயிலான தாள்களை எப்போதும் இரண்டாம் முறை புரட்டிப் பார்ப்பேன். உன்னுடையதைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொந்தக்காரி என்பதற்காகப் பார்த்ததாகிவிடும் என்று நினைத்தேன். அன்று நான் வருத்தப்படவில்லை பாப்பா. பெருமைப்பட்டேன்.

ரிசல்ட் வந்த மறுவாரம் தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் மொத்தப் பள்ளிக்கூடத்தின் முன்னால் என்னை நிறுத்தி, சொந்தம் பார்க்காத மனுஷன் என்று புகழ்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கு அடுத்த நாள் டிராயிங் மாஸ்டர் என் மேஜையிலிருந்த லாகரிதம் புத்தகத்தை எடுத்தார். தாள்கள் பறக்காமலிருக்க நான் பாரமாக வைக்கும் புத்தகம். அதற்குள்ளிருந்து உன் தாள் விழுந்தது. எட்டு மார்க்குக் கேள்வி, முழுக்கச் சரி. உன் மார்க்கு நாற்பது. பாஸாக முப்பத்தைந்து போதும்.

"வா, இப்பவே ஹெச்.எம். கிட்டப் போவோம். இன்னும் நேரமிருக்கு, திருத்திடலாம்" என்றார் அவர். நான் "நாளைக்கு" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய்விட்டார். என்னைக் காட்டிக் கொடுக்கவுமில்லை, என்னோடு பேசவுமில்லை. படுக்கையில் அவர் கேட்டது இதுதான்: "சொல்லிட்டியா?" அவர் செத்த செய்தி வந்தபோது, தெரிந்தவர் இனி யாருமில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை அந்த ஒரு கணத்தில்தான் நன்றாகப் பார்த்தேன்.

மூன்று மாதத்தில் நீ திரும்ப எழுதிப் பாஸாகிவிடுவாய், எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அப்பா நிறுத்திவிட்டார் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு பதினான்கு வருஷம் பிரார்த்தனை சொன்னேன். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நான் மட்டும் திறந்தே வைத்திருந்தேன். மூடினால் அங்கே யாரோ உட்கார்ந்து என்னைப் பார்ப்பது போலிருக்கும்.

உன் தலையில் களிமண் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. மார்ச்சிலேயே இதை எழுதியிருந்தால் உனக்கு அந்த வேலை கிடைத்திருக்கும். அதையும் ஆறப் போட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. நீ எழுதுவதை வாங்கிக்கொள்கிறேன்.

மாமா


மே 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமா? என் கடிதம் வந்ததா? தபால்காரரைத் தினமும் கேட்கிறேன். போனில் கூப்பிட்டேன், பேத்திதான் எடுத்தாள். "அம்மா வேலையா இருக்காங்க தாத்தா" என்றாள். காது மெஷின் போட்டுக்கொண்டுதான் பேசினேன். பின்னால் உன் குரல் கேட்டது.

மாமா


ஜூன் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

விழா இருபதாம் தேதி. உன் கட்டுரையை எடுத்துவிடு என்று பல் டாக்டரிடம் சொன்னேன். அச்சாகிவிட்டது என்று சிரித்தான். அதில் உள்ளது தப்பு என்றேன். "சார், உங்க தன்னடக்கத்தைப் பத்தியே தனியா ஒரு மலர் போடலாம்" என்கிறான். இவர்களிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

மேடையில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். உன் பேரும் அதில் வரும் என்பதால் தயங்குகிறேன். சொல்லட்டுமா, வேண்டாமா? நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன். ஒரு வரி போதும்.

மாமா


ஜூன் 14

மாமாவுக்கு,

மூன்று கடிதங்களும் வந்தன.

தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஐந்தை அப்போதெல்லாம் கொஞ்சம் சாய்த்து எழுதுவேன் போலிருக்கிறது, மறந்துவிட்டது. அந்தக் கணக்கை யாரையும் கேட்காமல் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வேலை முடிந்து வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்பது நாள் ஆயிற்று. விடை சரியாக வந்தது. அவரிடம் காட்டினேன். "உனக்குப் புரியாது, குடு" என்று எல்லாப் படிவத்தையும் வாங்கிக்கொள்கிற மனுஷர், அந்தத் தாளை இரண்டு கையாலும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

தாள் தொலைந்தது தப்பில்லை மாமா, யாருக்கும் நடக்கும். நர்ஸிங் போனதையும் சூப்பர்வைசர் வேலை போனதையும்கூட ஏதோ ஒரு மாதிரி விழுங்கிவிடுவேன். என்னால் தாங்க முடியாதது வேறு. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி நாள், நீங்கள் டாக்டரைப் பார்க்க வெளியே போயிருந்தீர்கள். அவள் இவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, அவளுக்குப் படிப்பு மண்டையில ஏறலை. நீங்கதான் பொறுமையா வச்சுக் காப்பாத்தணும்" என்றாள். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நானும் தலையை ஆட்டினேன்.

நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவளுக்கு இன்னும் நினைவு இருந்தது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இப்போது எட்டு மார்க்கை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போய்க் காட்டுவது?

மேடையில் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அதையும் நானே திருத்திக் கொடுக்க வேண்டுமா?

விழாவுக்கு வரவில்லை. செயலாளர் நேற்றுக் கூப்பிட்டார். என் கட்டுரையை மேடையில் நீங்களே வாசிக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வாசியுங்கள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதும்போது நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.